சோப்பு சரியில்லை

கிண்ணத்துக்குள் பிரஷ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வலப்பக்கம் கொஞ்ச நேரம், இடப்பக்கம் கொஞ்ச நேரம். நெவில் பிரிட்சர்ட் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். நுரை வரவேண்டிய இடத்தில் திரிந்த பால் மாதிரி என்னவோ மிதக்கிறது. அதையே முகத்தில் அப்பிக்கொள்கிறார். ரேசர் தாடையில் தடுக்கித் தடுக்கி இறங்குகிறது. "சோப்பு சரியில்ல," என்கிறார், கண்ணாடியிடம்.

சோப்பில் ஒரு குறையும் இல்லை என்பது வில்காரா என்ற அந்த வறண்ட உள்நாட்டு ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு நின்றுபோனதிலிருந்து ஊர்க்குழாயில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். வெளுத்த துணி மஞ்சளாகிறது, கெட்டிலுக்குள் சுண்ணாம்பு படிகிறது, நாய்கூடக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நெவில் வேலையில் இருந்த காலம் முழுக்க மண்சாலை சமன்செய்யும் வண்டியை ஓட்டியவர். ஆளரவமற்ற பாதையில் கூடாரம் போட்டுத் தங்கிய நாட்களிலும் மழிக்காமல் வண்டியில் ஏறியதில்லை. இப்போது தினமும் தாடையில் இரண்டு மூன்று இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கும். எடுக்க மறந்து அப்படியே கிளப்புக்குப் போவார்.

"இன்னிக்கு யாருப்பா ஜெயிச்சது, நீயா பூனையா?" என்பார் உடன் சீட்டாடும் பெர்ட்.

"பூனைதான். நாளைக்கு வேற சோப்பு வருது, அப்ப பாரு."

குளியலறை ஜன்னலோரம் சோப்புகளுக்கென்றே ஆகிவிட்டது. லாவெண்டரைப் பற்றி, "வாசனை இருக்கு, உழைப்பு இல்ல." சந்தனத்தைப் பற்றி, "மொகத்துக்கு வர்றதுக்குள்ள செத்துப்போகுது." லண்டனிலிருந்து மரக்கிண்ணத்தோடு வந்த விலை உயர்ந்ததைப் பற்றி, "மழையில உக்காந்து செஞ்சிருக்கான். நம்ம வெயிலு அவனுக்கு எங்க தெரியும்?"

மருந்துக்கடையில் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். மூடியைத் திறந்து முகர்வார். கட்டைவிரலால் தேய்த்து, விரல் வழுக்குகிறதா இழுக்கிறதா என்று பார்ப்பார். மாட்டுக்கொழுப்பில் செய்ததா, எண்ணெயில் செய்ததா என்று கேட்பார். கடைக்காரி ஹெதர் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"நெவில், நீங்க மழிக்கிறது மொகத்தையா, ஒரு ஆட்டு மந்தையையா?"

"சோப்பு நல்லா இருந்தா நான் ஏம்மா திரும்ப வரப்போறேன்?"

அவள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பாள். பிறகு சோப்பைப் பையில் போட்டுக் கொடுப்பாள். காரணம் ஊருக்கே தெரியும். போன கோடையில், கையெல்லாம் தோல் வெடித்துப்போய் மனைவி டோரின் அழுத அன்று, நெவில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "தண்ணியே ஆகாதுன்னு ஆயிட்டா, நானே உன்னை வண்டியில ஏத்திக்கிட்டு அடிலெய்டுக்குப் போயிடறேன். சத்தியமா." அடிலெய்டில் மகள் வீடு. பின்னறையில் அவர்களுக்கென்று ஒரு கட்டில். நெவில் அதில் ஒருமுறை படுத்துப் பார்த்திருக்கிறார்: ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வில்காரா வீட்டையோ சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. ஆகவே கெட்டுப்போனது சோப்புத்தான்.

நகரத்து நல்லவர்கள் லாரியில் அனுப்பும் பாட்டில் தண்ணீரை ஊர் மண்டபத்தில் கொடுக்கிறார்கள். "அது தண்ணி இல்லாதவங்களுக்கு," என்று அவர் போவதில்லை. டோரின் போய்த் தன் தேநீருக்கு வாங்கி வருகிறாள். அவர் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சுடுதண்ணீர்க் கருவி உப்புப் படிந்து நின்றுபோயிருந்தது. நெவில் அடுப்படியில் கொதித்திருந்த கெட்டிலிலிருந்து ஒரு குவளை ஊற்றிக்கொண்டு, ஹெதரிடம் முந்தின நாள் வாங்கிய சோப்பைப் பிரித்தார். பிரஷ்ஷைச் சுற்றினார்.

நுரை எழுந்தது. வெள்ளைவெளேரென்று, கெட்டியாக, கிண்ணத்தை மீறி விரல்மேல் வழிந்தது.

"டோரின்! ஏய், இங்க வா! நான் சொல்லல? சோப்புதான்! இத்தனை நாளா சோப்புதான்!" காதிலிருந்து காதுவரை பூசிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி திரும்பினார்.

வாசலில் நின்ற டோரின் சிரிக்கவில்லை. வெடித்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கெட்டில்ல இருந்தா எடுத்த?"

"ஆமா. ஏன்?"

"அது மண்டபத்துத் தண்ணி, நெவ்."

அவர் குழாயைத் திறந்து பிரஷ்ஷை அலசினார். அதே சோப்பில், குழாய்த் தண்ணீரில், மறுபடி சுற்றினார். திரிந்த பால். குழாயை மூடினார்.

"நான் எதுவும் கேக்கல," என்றாள் டோரின். "கிளம்பலாம்னு நீயா எப்ப சொல்றியோ அப்ப."

நுரை பூசிய முகத்தோடு நெவில் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கினார். கொல்லையில், கூரையில் விழும் மழையைச் சேர்க்கும் நெளிதகரத் தொட்டி நின்றது. அது வற்றி எத்தனையோ நாளாயிற்று. நெவில் மடக்கிய விரலால் மேலிருந்து ஒவ்வொரு நெளிவாகத் தட்டிக்கொண்டே வந்தார். தண்ணீர் இருக்கும் மட்டத்தில் சத்தம் மாறும்; எங்கும் ஒரே வெற்றோசை. நெஞ்சளவு, இடுப்பளவு, பிறகு மண்டியிட்டு முழங்காலளவு. காற்றில் நுரை காய்ந்து கன்னத்தில் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. தரையோடு ஒட்டிய கடைசி நெளிவைத் தட்டினார். காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக, மறுபடி தட்டினார்.