கொட்டாங்கச்சி மாட்டிய கேட்டு

தண்ணீர் பட்ட புல்லின் வாசனை வந்தால் இன்றும் நான் வேறு பக்கம் நடந்துவிடுவேன். எங்கள் ஊர்ப் பூங்காவுக்குக் காவலாளியும் தோட்டக்காரரும் அப்பாதான். காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம் திறப்பார். மற்ற நேரமெல்லாம் பூட்டு. பூட்டி வைத்தால்தான் பூங்கா உருப்படியாக இருக்கும் என்பது மேலதிகாரிகளின் முடிவு, அதை அவர்களைவிட அப்பா நம்பினார். பகலில் பிள்ளைகள் கேட்டேறிக் குதித்துப் புல்லை மிதிக்கிறார்கள் என்று ஆபீசுக்கு நடையாய் நடந்து, கேட்டின் உச்சியில் "ஈட்டிக்கம்பி" வைக்க வைத்தவரும் அவரேதான். "இனிமே ஒரு பய ஏற மாட்டான்" என்று அன்றைக்கு அவர் சொன்னபோது நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. அந்நேரம் அப்பா உள்ளே பூட்டிக்கொண்டு மோட்டார் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் கல்லெடுத்துக் கேட்டில் மூன்று தட்டுத் தட்டுவேன், சாவியோடு வருவார். ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தைப் பாதியில் விட மனமில்லாமல், எட்டு வயதுத் தங்கை செல்வியிடம் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினேன். கல்லால் தட்டச் சொல்ல மறந்துவிட்டேன். கத்திக் கத்திப் பார்த்தவள், சோறு ஆறிவிடுமே என்று வாளியைக் கையில் கோத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். உச்சியில் கால் வழுக்க, ஈட்டிக்கம்பி முழங்காலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

உயிர் பிழைத்தாள்; நரம்பு அறுந்த கால் பிழைக்கவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாந்தான் ஆத்தா வைக்கச் சொன்னேன்" என்று செல்வியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பியை எடுக்கச் சொல்லி மறுபடியும் ஆபீசுக்கு நடந்தார். "அடுத்த எஸ்டிமேட்ல பாப்பம்யா" என்றார்கள். பிறகு ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கட்டினார். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றச் சொல்வார்கள். கழற்றுவார், அவர்கள் கார் கிளம்பியதும் திரும்பக் கட்டுவார்.

போன மாதம் செல்வியோடு அந்தப் பக்கம் போனேன். அப்பா இல்லை, புல்லும் ஊஞ்சலும் மோட்டாரும் இல்லை. சுற்றுச்சுவரை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். இரண்டு தூணுக்கு நடுவே அந்தக் கேட்டு மட்டும் பூட்டியபடி நிற்கிறது, ஈட்டிக்கம்பிகளுக்குப் புதிதாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

"எங்கிட்டு வேணாலும் நொழையலாம் போலக்கா" என்று காலை இழுத்தபடி செல்வி சிரித்தாள்.

நான் கீழே கிடந்த கல்லை எடுத்துக் கேட்டில் மூன்று முறை தட்டினேன்.

"எதுக்குக்கா தட்டுற?" என்றாள்.

இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அது தெரியாது. நான் சொன்னதே இல்லை.