உள்பக்கம் பார்த்த சப்பாத்துகள்

பஹ்மியா ராத்தா, வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்துவா. பிறகு ஏதோ மறந்துபோன மாதிரி வாசலுக்குத் திரும்பி வருவா. படியோரம் பக்கவாட்டில் குந்துவா; உள்ளே இருக்கிறவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. கழற்றிப்போட்ட செருப்பு இரண்டையும் குதிகால் பக்கம் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, அப்படியே திருப்பி, மூக்கு தெருவைப் பார்க்க வைப்பா. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. அதற்குப் பிறகுதான் கையை அலம்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவா. வந்தவர் போகும்போது குனியவும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம். காலை நுழைத்துக்கொண்டு நடக்கலாம்.

நான் அடுத்த வீடு. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா, நானா என்றால் அண்ணன். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்கிறது தொழில். வாயைத் திறக்கிறதைவிடக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது எனக்கு லேசு. அதனால் இந்தப் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன், எங்கள் ஊர் கிண்ணியாவில் அதைப் பற்றிப் போகிற கதைகளையும் கேட்டிருக்கிறேன். கூடக் கதைத்தது ரபீக்கா மாமி. ராத்தாவின் கணவர் நௌபர் நானாவுக்கு மூத்த சகோதரி, ராத்தாவுக்கு மச்சி. எங்கள் பக்கம் எந்தக் கலியாண வீடு என்றாலும் சமையல் இவவின் குரலுக்குத்தான் நடக்கும்.

“வந்த மனிசன் இன்னும் தேத்தண்ணி குடிக்கல்ல. அதுக்குள்ள செருப்பைத் திருப்பி வச்சிட்டு வாறாள். ‘நீங்க எப்ப போவீங்க’ எண்டு வாயால கேக்கிறதுதான் பாக்கி.”

“அது மரியாதை மச்சி. போகக்குள்ள லேசா இருக்கட்டும் எண்டுதான்.”

“போறதை ஏன் புள்ள லேசாக்கணும்? நம்மட ஊட்டிலயிருந்து போறது கஷ்டமா இரிக்கணும்.”

இந்த வாக்குவாதத்தில் இரண்டு பேரும் தோற்றதை நான் கண்டதில்லை.

நௌபர் நானா ஜப்பானில் பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்கிற ஒரு யார்டில் வேலை பார்த்தவர். கலியாணம் முடித்து ராத்தாவும் அங்கே போனா. முதல் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்ததாகச் சொல்லுவா. பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குசினியில் மரக்கறி கழுவுகிற வேலை கிடைத்தது. பாஷை அங்கே படித்ததுதான். புத்தகத்தில் இல்லை, கரட் சீவிக்கொண்டு நிற்கிற பெண்களின் வாயில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டம், தட்டத்தில் சோற்றுக்கு ஒரு கிண்ணம், சூப்புக்கு ஒன்று, மீனுக்கு ஒரு சின்னத் தட்டு.

“அதைக் கொண்டுபோய் ஒரு பிள்ளைக்கு முன்னால வைக்கக்குள்ள, இது உனக்கெண்டே ஒரு ஆள் நினைச்சு வச்சது எண்டு சொல்ற மாதிரி இருக்கும், முனீப். அந்தத் தட்டத்தை எங்கட ஆக்களுக்கு ஒரு நாளைக்கு வச்சுக் காட்டணும் எண்டு அங்கயே நினைச்சனான்.”

ஊருக்குத் திரும்பி நானா உதிரிப்பாகக் கடை போட்டார். ராத்தா தன் ஹோலில் அயல் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கடதாசி மடிக்கத் தொடங்கினா. கொக்கு, தவளை, தோணி. பிறகு மூதூரில் ஒரு பள்ளிக்கூடம் கேட்டது, சல்லியில் ஒன்று கேட்டது. அது வளர்ந்து வளர்ந்து இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் ‘ஜப்பான் நாள்’ நடக்கிறது. துணியால் பொருள் கட்டுகிற வித்தை, தூரிகை எழுத்து, கடைசியில் சாப்பாடு. ஜப்பான் பாய்க்குப் பதில் எங்கள் பன்பாய். அங்கே சமையலில் இனிப்புக்கு ஊற்றுகிற மதுவுக்குப் பதில் சீனியும் கொஞ்சம் வினாகிரியும். சோறு ஒட்ட வேண்டும் என்பதால் பாற்சோற்று அரிசி. இனிப்புக்கு மட்டும் எதையும் மாற்றத் தேவையில்லை. நோன்பு காலத்தில் நாங்கள் காய்ச்சுகிற அதே கடற்பாசியில்தான் அவர்களும் இனிப்புச் செய்கிறார்கள். இதைச் சொல்லும்போது ராத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே கண்டுபிடித்த நாடு மாதிரி.

போன வருஷத்து ஜப்பான் நாள்தான் பெரிய சோதனை. ஜப்பானில் ராத்தா இருந்த அந்த ஊரிலிருந்து ஒரு சின்னக் குழு வந்தது. மேளம், கிமோனோ, தேநீர்ச் சடங்கு என்று வெளிநாடுகளில் நிகழ்ச்சி நடத்துகிற பெண்கள். தலைவி மொரிதா என்ற அம்மா. இலங்கையில் இனி வருஷா வருஷம் ஒரு இடத்துக்கு மட்டும் வருவார்கள். கொழும்பா, திருகோணமலையா என்று பார்த்து முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம்.

“கொழும்பெண்டா எங்கட பிள்ளையள் பாத்த மாதிரித்தான்,” என்றா ராத்தா. “பஸ்ஸுக்கு ஆர் காசு குடுக்கிற? இங்க வரணும். வர வைக்கணும்.”

அன்றைக்கு வெள்ளனவே மண்டபத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு தட்டம் வரிசையாக அடுக்கினா. வினாகிரிச் சோற்றை மொட்டு மொட்டாகப் பிடித்து, பாசித் தாளில் சுருட்டி, நெருப்பில் வாட்டிய சூரை மீன் ஒரு துண்டு, முட்டைச் சுருள், ஊறுகாய், கடற்பாசி. எதற்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று தள்ளி நின்று பார்த்து, திரும்பக் குனிந்து மாற்றினா. நான் படம் எடுத்தேன். பிறகு பரிமாறுகிற பொறுப்பை ரபீக்கா மாமியிடமும் அவவின் ஆட்களிடமும் விட்டுவிட்டு, விருந்தாளிகளைக் கூட்டிவர வான் வண்டியில் போனா. நான் வெளியே பதாகை கட்டப் போனேன்.

வான் திரும்பிய சத்தம் கேட்டு நான் உள்ளே வந்தபோது தட்டங்களைக் காணவில்லை. பாயில் சஹன்கள் இருந்தன. சஹன் என்றால் எங்கள் கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். ராத்தா மொட்டு மொட்டாகப் பிடித்த சோறெல்லாம் ஒவ்வொரு சஹனிலும் கோபுரமாக இருந்தது. மேலே மீன், சுற்றிவர முட்டை, உச்சியில் கடற்பாசி.

ராத்தா வாசலில் நின்றபடி பார்த்தா.

“என்ன மச்சி செஞ்ச?”

“என்ன செய்யிற, சரியாக்கினேன். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா இத்தினோண்டு வச்சிருந்த. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி. கடல் கடந்து வந்த மனிசருக்குச் சஹன் வைக்காம விட்டா கிண்ணியா எண்டு சொல்ல ஏலுமா? நீ வேலையில மறந்துட்டாய் எண்டு நினைச்சேன்.”

“மறக்கல்ல மச்சி. அதுதான் அவங்கட முறை.”

“அப்ப இது நம்மட முறை. பசியோட நிக்கிறாங்க, கூப்பிடு.”

பிரித்து வைக்க நேரமில்லை. விருந்தாளிகள் ஏற்கனவே படியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்தா அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, வழக்கம்போல் குந்தி, அத்தனை சோடியையும் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திருப்பி வைத்தா. அதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்ற மாதிரி இருந்தது.

பிறகு எழும்பி உள்ளே போய், மொரிதா அம்மாவுக்கு முன்னால் நின்று ஜப்பான் பாஷையில் சொன்னா. சொன்னதையே திரும்பி எங்களுக்குத் தமிழிலும் சொன்னா: “உங்கட முறையில தட்டம் வச்சனான். எங்கட ஆக்கள் அதை எங்கட முறைக்கு மாத்திட்டாங்க. இது பிழையா வந்ததுதான். ஆனா எங்கட ஊரில பெரிய விருந்தாளிக்கு வைக்கிறது இதுதான். இதை விடப் பெரிசு எங்களிட்ட இல்ல.”

அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. மூதூர், சல்லி, கிண்ணியா என்று வந்திருந்த சனம் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த நேரம் எனக்கு ராத்தா அடுத்த வீடு என்பதே ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

மொரிதா அம்மா சஹனைப் பார்த்தா. சுற்றி இருக்கிற பாயைப் பார்த்தா. மெதுவாக முழங்காலை மடித்து இருந்தா. சல்லிப் பள்ளிக்கூடத்து கமலேஸ்வரி ரீச்சர் பக்கத்தில் இருந்து, “உங்கட பக்கத்துச் சோறு உங்கட, என்ர பக்கம் என்ர,” என்று விரலால் கோடு போட்டுக் காட்டினா. கொஞ்ச நேரத்தில் கோடும் இல்லை. ரீச்சர் தன் பக்கத்து மீனை அந்த அம்மாவின் பக்கம் தள்ள, அவ முட்டையை இந்தப் பக்கம் தள்ள, சாப்பிட வைத்த குச்சிகள் கடதாசி உறையிலேயே கிடந்தன. ரபீக்கா மாமி தலைக்கு மேலே நின்று, “இன்னும் போடட்டா?” என்று சுத்தத் தமிழில் ஜப்பான்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தா.

எல்லாம் முடிந்து வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது ராத்தாவின் முகம் மாறியது. சப்பாத்துகள் எல்லாம் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. விருந்தாளிகள் படியில் திரும்பி நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, தட்டுத்தடுமாறிக் கால் நுழைத்தார்கள். சிரித்தார்கள். குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

“ஓம், நான்தான் திருப்பினேன்,” என்றா ரபீக்கா மாமி, கேட்க முன்னமே. “வாயில சோறு இருக்கக்குள்ள வாசலைக் காட்டுறது எனக்குப் பிடிக்கல்ல.”

ராத்தா கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தா. பிறகு மதிலுக்கு மேலால் என்னிடம் சொன்னா: “சஹனுக்கு நான் விளங்கப்படுத்திட்டன், முனீப். சப்பாத்துக்கு ஒண்டும் சொல்ல ஏலாமப் போச்சு. அது அவங்கட வீட்டுப் பிள்ளைக்கே தெரிஞ்ச மரியாதை. அங்க இருந்து வந்தவள் அதைக்கூடச் செய்யல்ல எண்டுதான் நினைச்சிருப்பாங்க.”

பதில் வர நாள் எடுத்தது. அந்த நாட்களில் ராத்தா கடதாசி மடிக்கிற வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் கொக்கின் கழுத்தை இரண்டு தடவை பிழையாக மடித்ததைக் கண்டேன். பிறகு ஒரு காலை நௌபர் நானா போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே ஓடிவந்தார். திருகோணமலைதான். வருஷா வருஷம். கீழே ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் தட்டம், ஒரு நாள் சஹன் என்று இரண்டு நாள் நடத்த ஏலுமா என்று கேட்டிருந்தார்கள்.

ராத்தா வாசித்தா. பிறகு ரபீக்கா மாமியின் வீட்டுக்கு நடந்து போனா. நானும் பின்னால் போனேன். மாமி கேட்டுவிட்டு, “சஹன் நாளுக்கு மீன் காணாது, இப்பவே சொல்லிவையி,” என்றா.

இந்த வருஷ நிகழ்ச்சிக்கு மண்டபம் பேசப் போனபோதுதான் லெஸ்லி அண்ணை எனக்கு அதைச் சொன்னார். அவர் அந்த மண்டபத்துக் காவலாளி. அன்றைக்கு வாசலோரம் கதிரை போட்டு இருந்தவர். ரபீக்கா மாமி குந்தியிருந்து சப்பாத்துகளைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம், கை கழுவப் பைப்படிக்கு வந்த மொரிதா அம்மா அதைக் கண்டிருக்கிறா. ஏன் என்று கையால் கேட்டிருக்கிறா. மாமி தரையைத் தட்டிக் காட்டி, “இரிங்க, இரிங்க, என்ன அவசரம்,” என்றிருக்கிறா.

“அப்ப கடைசியா ஒரு சோடிதான் மிச்சம் இருந்தது,” என்றார் லெஸ்லி அண்ணை. “அது அந்த அம்மாட. மாமி எட்டி எடுக்கப் போனவ. அந்த அம்மா விடேல்ல. தானே குனிஞ்சு, தன்ர கையால உள்பக்கம் திருப்பி வச்சிட்டுத்தான் எழும்பினவ.”