அண்ணன் எழுதி வைத்த மாடி வீடு

அங்காளம்மாளின் பெயரில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணைகளுக்கு நடுவே உள்ள ஊரில், சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை. அதில்தான் குடியிருக்கிறார். இன்னொன்று திருச்செங்கோட்டில், மாடி வீடு. அதில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்தது கிடையாது.

மாடி வீட்டைக் கட்டியவர் அவருடைய அண்ணன் செங்கோடன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில். வண்டி வெளிமாநிலத்தில் ஓடும், பணம் பைனான்ஸில் வரும். ஓட்டம் நின்றால் பைனான்ஸ்காரர்கள் முதலில் வண்டியைப் பிடிப்பார்கள், அப்புறம் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அதனால் ரிக் வாங்குகிறவர்களில் சிலர் வீட்டை முன்கூட்டியே வேறு பெயருக்கு மாற்றிவிடுவதுண்டு. மனைவி பெயர் உதவாது, கடன் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வேறு ஊரில் கட்டிக்கொடுத்த தங்கை என்றால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது கணக்கு.

2014இல், இரண்டாவது ரிக் வாங்குவதற்கு முன்னால், செங்கோடன் தங்கையைக் காரில் கூட்டிப்போய் வீட்டைத் தானமாக எழுதிப் பதிவு செய்தார். புதுச்சேலையும் எடுத்துக்கொடுத்தார்.

"இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி."

போட்டார். பத்திரம் அண்ணன் வீட்டு பீரோவுக்குப் போனது. அண்ணன் குடும்பம் எப்போதும்போல அந்த வீட்டிலேயே இருந்தது.

அன்று மாலை பேருந்தில் வந்து இறங்கியவரைப் பக்கத்து வீட்டுப் பொன்னாயி வழிமறித்தாள்.

"என்னக்கா, சேலை புதுசா மினுக்குது?"

"எங்கண்ணன் எம்பேருக்கு ஊடு எழுதி வெச்சிருக்குது."

சொன்னது பொய்யில்லை. எதற்காக எழுதினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அங்காளம்மாளின் கல்யாணத்தின்போது செங்கோடனிடம் ஒன்றும் கிடையாது, அடுத்தவர் ரிக்கில் குழாய் தூக்கிக்கொண்டிருந்தார். சீர் குறைந்துபோனதைப் பங்காளி வீட்டுப் பெண்கள் ரொம்ப வருஷம் பேசித் தீர்த்தார்கள். மாடி வீட்டுச் செய்தி பரவிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. விசேஷ வீடுகளில் "வாங்க, இப்படி முன்னால வந்து உக்காருங்க" என்றார்கள். அங்காளம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தார். யாரையும் திருத்தவில்லை.

லாரி டிரைவரான கணவர் 2017இல் இறந்தார். ஒரே மகள் சௌமியாவை ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. அங்காளம்மாள் பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலையில் இருந்தார். 2020 தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று போனுக்குப் போன் ஒரு செய்தி ஓடியது. முட்டை விலை விழுந்தது. முதலாளி பாதிக் கொட்டகையைக் காலி செய்தார். பின்னாலேயே ஊரடங்கு வந்தது. நின்று நின்று தேய்ந்த முழங்காலோடு வேறு வேலை தேடிப்போக முடியவில்லை, தேடினாலும் வேலை இல்லை.

அரசாங்கம் விதவைகளுக்குத் தரும் மாதாந்தர உதவித்தொகைக்கு மனுப் போட்டார். ஆயிரம் ரூபாய். அரிசி ரேஷனில் வந்துவிடும், மற்றதெல்லாம் அந்த ஆயிரத்தில் நடக்க வேண்டும்.

விசாரிக்க வந்தவர் கிராம நிர்வாக அலுவலர் மோகன்குமார். முகக்கவசத்தோடு தெருவில் நின்றபடியே அட்டைக் கூரையைப் பார்த்தார். ஆண் பிள்ளை இல்லை, வருமானம் இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல அக்கம்பக்கத்திலும் கேட்டார்.

"இவங்களுக்கு வேற சொத்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பொன்னாயி முந்திக்கொண்டாள். "என்னங்க சார் இப்படிக் கேட்டுப்போட்டீங்க? அவங்கண்ணன் மாடி ஊடே எழுதி வெச்சிருக்குதுங்க. எங்க தெருவுல அந்தக் குடுப்பனை யாருக்குங்க இருக்குது?"

மோகன்குமார் அங்காளம்மாள் பக்கம் திரும்பினார். "ஆமாங்களா?"

இல்லை என்று சொன்னாலும் பத்திரம் காட்டிக்கொடுத்துவிடும். அது பேருக்குத்தான் என்று சொன்னால் தெருவே கேட்டுக்கொண்டு நிற்கிறது. "ஆமாங்க" என்றார்.

மனு தள்ளுபடியானது. விதியில் சொத்து மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு, மாடி வீடு அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது. அப்புறம்தான் அவர் மோகன்குமாரைத் தனியாகப் பார்த்து உள்ளதைச் சொன்னார்.

"அப்ப அதை அவரு பேருக்கே திருப்பி எழுதிட்டு வாங்கம்மா. மறுபடி மனுப் போடலாம். இல்லீனா வித்துப்போடுங்க. உங்க கையெழுத்துப் போதும், யாரும் தடுக்க முடியாது."

"எங்கண்ணன் குடியிருக்கிற ஊட்டையா சார்?" என்று கேட்டு அங்காளம்மாள் சிரித்துவிட்டார்.

பேருந்து ஓடத் தொடங்கியதும் திருச்செங்கோடு போனார். கதவைத் திறந்த அண்ணன் மனைவி, அங்காளம்மாள் நங்கை என்று அழைக்கும் ராமாயி, வழியை விடவில்லை.

"என்ன அம்மிணி, திடீர்னு? ஊட்டைக் கேக்க வந்தயாக்கும்?"

"இல்லீங்க நங்கை. எடுத்துக்கச் சொல்லத்தான் வந்தேன்."

ராமாயி அதை நம்பவில்லை. செங்கோடன் நம்பினார். அது உதவவில்லை. ஒரு ரிக் சத்தீஸ்கரில் ஊரடங்கில் மாட்டி நின்றது, ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இன்னொன்றை பைனான்ஸ்காரர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள்.

"இப்ப எம்பேருக்கு மாத்துனா அடுத்த நாளே வந்து பூட்டுவான் அம்மிணி. ஒரு சீசன் ஓடட்டும். கடனை அடச்சுப்போட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஒரு மூட்டை நிலக்கடலை கொடுத்துப் பேருந்து ஏற்றிவிட்டார். கையில் பணம் தரவில்லை, அவரிடமும் இல்லை.

2021 மே மாதம் செங்கோடன் கொரோனாவில் இறந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அங்காளம்மாள் போவதற்குள் மின்மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது. கடன், உடன் கையெழுத்துப் போட்ட ராமாயியின் தலையில் இறங்கியது.

ஊரடங்கு தளர்ந்த ஒரு மதியம், ராமாயி முதன்முறையாக அந்த அட்டை வீட்டுக்கு வந்தார், மகன் மணிமாறனோடு. குனிந்து உள்ளே நுழைந்தவர் சுற்றிப் பார்த்தார். உட்கார நாற்காலி இல்லை.

"இங்கயா இருக்கற?"

"இங்கதாங்க நங்கை."

மணிமாறன்தான் ஆரம்பித்தான். "அத்தை, ஊடு இப்போதைக்கு உங்க பேருலயே இருக்கோணுங்க. எங்க பேருக்கு வந்தா போயிருமுங்க. வேற நெழலு எங்களுக்குக் கெடையாதுங்க."

"உனக்கு வர வேண்டிய உதவிப்பணம் இதனாலதான் வல்லைன்னு தெரியும்" என்றார் ராமாயி. "தெரிஞ்சேதான் கேக்கறேன். கையில அடிச்சுச் சொல்லு."

அங்காளம்மாள் அவர் நீட்டிய கையில் அடித்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து வறக்காப்பி போட்டார். பால் இல்லை என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பொன்னாயிக்கு விஷயம் தெரியவந்தபோது அவள் சண்டைக்கு வந்தாள். "நான் உங்களைப் பெருமையாத்தானக்கா சொன்னேன்! அது பேருக்குத்தான்னு முன்னமே எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா முன்னால கூப்புட்டு உக்கார வெச்சிருப்பீங்களா?"

கடன் வழக்கு இன்னும் முடியவில்லை. வீட்டு வரி ரசீது இன்றும் அங்காளம்மாள் பெயரில்தான் போடப்படுகிறது, பணத்தை ராமாயி கட்டுகிறார். இன்னொரு தடவை மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று மோகன்குமார் சொல்லி அனுப்பினார். அதே கேள்விதான் வரும், அதே பதில்தான் சொல்ல முடியும் என்பதால் அங்காளம்மாள் போகவில்லை. முட்டை பொறுக்க இப்போது எந்தப் பண்ணையிலும் அவரை எடுப்பதில்லை. வருகிற திங்கட்கிழமை முதல் பக்கத்துப் பண்ணையில், வேறு ஆள் கிடைக்காத கோழி எரு அள்ளும் வேலைக்குப் போகிறார்.