சுரங்கத்தின் 212ஆவது மீட்டர்

ஜூலை, வியாழன். காலை ஆறு மணிக்குக் காரமடையில் மஞ்சூர் பேருந்து ஏறினேன். மடியில் கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டும் இயந்திரம். பத்தாவது முடித்த எனக்கு இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. வெள்ளியங்காடு தாண்டியதும் மலை. நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். சிறுவயதில் ஒன்றுவிடாமல் எண்ணுவேன். இம்முறை முப்பதுக்கு மேல் தவறிவிட்டது. அப்பா மஞ்சூருக்குப் பக்கத்திலுள்ள குந்தாவில் மின்சார வேலையில் இருந்தார். பன்னிரண்டு வயதுவரை எங்கள் வீடு அங்கேதான்.

9.40. மஞ்சூரில் மழை. டீ பதினைந்து ரூபாய். அழைத்துப்போக ஃபோர்மேன் போஜன் ஜீப்பில் வந்தார்.

"ஏனுங்க, மெசினுக்குத் தூக்கங் கெட்டுருமா? கொழந்தையாட்டம் மடியிலயே வெச்சிருக்கீங்க."

சிரித்துவைத்தேன்.

11.00. ஒன்பது கிலோமீட்டரில் சுரங்க வாசல். இன்ஜினியர் நிர்மலா விளக்கினார். பாறையில் கொக்கி அடித்து, சுவர் நெடுக முடி போன்ற இழை ஓடும் கேபிளை ஒட்டியிருக்கிறார்கள். பாறை நெருக்கினால் இழை இழுபடும். எந்த மீட்டரில் என்று கணினி காட்டும். மூன்று நாளாக 212ஆவது மீட்டரில் காலை எட்டுக்கு இழுவை எகிறுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நான்கு மணிக்கு ஒன்றுமில்லாமல் போகிறது.

"சூட்டுனால இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"சூட்டுக்குத் தனி இழை இருக்குங்கண்ணா. அது அசையல. பக்கத்துல இன்னொண்ணு இணைச்சுக் குடுங்க. அதுலயும் இப்படியே வந்தா வேலைய நிறுத்தச் சொல்லி எழுதிருவேன். மூணு மாசம் ஆகலாம். நாம போய்ப் பாக்கறப்ப மட்டும் அடங்கிருது, அதுதான் புரியல."

"பாறைக்கு மேடத்தக் கண்டா பயமுங்க," என்றார் போஜன். பிறகு தணிந்த குரலில், "அப்ப இங்க வேல செய்யற நாப்பது பேரும் தோட்டத்துல கேரட் புடுங்கத்தான் போகோணும்."

நாங்கள் நுழையுமுன் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். அளவு பார்க்கும்போதெல்லாம் அதுதான் வழக்கம். கம்பளிச் சட்டைகளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

11.30. 212ஆவது மீட்டரில் சுவர் குடைவாக இருந்தது. அங்கே மட்டும் கேபிள் பாறையில் ஒட்டாமல் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே தொங்கியது. தொட்டேன். ஈரம். நீலக் கம்பளி நூல் ஒன்று விரலில் ஒட்டியது.

குந்தாவில் ஜூலையில் பத்து நாள் வெயில் வராது. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டுவாள். காலையில் ஈரத்துணியின் பாரத்தில் கயிறு பானையைத் தொடுமளவு தொய்யும்; காயக் காய மேலேறும். இங்கே வளர்ந்தவர்களால் வெறுங்கயிற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நான் நினைப்பது தவறானால் நாற்பது பேர் தலையில் மலை. முதலில் இணைப்பை முடித்தேன். பிறகு என் ஸ்வெட்டரைக் கழற்றி, ஓரத்து வாய்க்காலில் முக்கி, கேபிளில் போட்டேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"வெளிய கம்ப்யூட்டர் பாக்கறவருகிட்ட கேளுங்க மேடம்."

வாக்கிடாக்கியில் கணினிக்காரர் சொன்னார்: "இருநூத்திப் பன்னெண்டுல ஏறுதுங்க." எடுத்தேன். "எறங்கிருச்சுங்க." மூன்று முறை செய்தோம்.

போஜன் கூரையைப் பார்த்தபடி நின்றார். "துணி போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே."

நிர்மலா சிரிக்கவில்லை. "நாளைக்கு முழுக்கத் துணியில்லாமப் பாக்கணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது." அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளி, மாலை 4.30. கோவையில் வீடு. போஜனின் போன்.

"கம்ப்யூட்டர்ல கோடு நேரா இருக்குதுங்க. நாளைக்கு எல்லாரும் உள்ள போறோம். துணி போடத் தனியாக் கயிறு வாங்கிக் கட்டியாச்சு. கீழ ஒரு அடுப்பு கேட்டேன், மேடம் மொறைக்கறாங்க."

நான் நெடுநேரம் சிரித்தேன் என்று மனைவி சொல்கிறாள். மொட்டைமாடிக்குப் போய் ஸ்வெட்டரை எடுத்தேன். காலையில் அவள் போட்டது, மதியத்துக்குள் காய்ந்திருந்ததாம். குந்தாவில் பள்ளிச் சட்டையில்கூட விறகுப் புகை வாசம் இருக்கும். முகர்ந்து பார்த்தேன். வெயில்தான்.