பொட்டு வைக்காத கேம்

என் பட்டறையில் ஆயுதபூஜை அன்று பொட்டு வைக்காத இரும்பு ஒன்றே ஒன்றுதான். ஸ்பானர், ஜாக்கி, வெல்டிங் மெஷின், ஓட்டை டிரம் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. வாசலுக்கு மேலே ஆணியில் தொங்கும் அந்த கேம்ஷாஃப்டுக்கு மட்டும் கிடையாது. புத்தம் புதுசு. இரண்டே நாள்தான் எஞ்சினுக்குள் இருந்தது. எடைக்குப் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், விலைக்குக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்க மாட்டேன்.

அது மீன் வண்டிக்காரம்மாவின் வண்டியிலிருந்து கழற்றியது. கடற்கரையில் ஏற்றிய மீனைத் தன் டர்போ பிக்கப்பில் பேராவூரணி வழியாகத் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குத் தானே ஓட்டி வருவார். என் வயதுதான் இருக்கும். நான் அவரை 'அம்மா' என்பேன், அவர் என்னை 'அண்ணே' என்பார். காலை பத்து மணிக்குள் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். ஓர் அறுவடைக் காலத்தில் இரண்டு முறை அவர் போய்ச் சேரப் பத்து மணி தாண்டிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் அவர் கடை போடும் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மார்க்கெட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எஞ்சினில் கேம் தேய்ந்துபோனது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இழுவை கூடுகிற மாதிரி நல்லதாகப் போடலாம் என்று என்னிடம் வந்தார்.

எஞ்சின் மூச்சு விடுவதற்கு வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டுதான் கேம். அதன் புடைப்பு பெரிதாக இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், வேகமெடுத்த பிறகு வண்டி பறக்கும். சிறியதாக இருந்தால் அந்தப் பறப்பு இருக்காது, ஆனால் மெதுவாகப் போகும்போதே எஞ்சினுக்குக் காற்றூதும் டர்போ விழித்துக்கொண்டு இழுக்கும். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். யோசிக்காமல் சின்னதைத் தொட்டார். "எனக்கு வேகம் வேண்டாம்ண்ணே. ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது. ரெண்டாவது கியர்ல ஊர்ந்து போயி, அப்படியே வாய்க்கா பாலம் ஏறணும். அதுக்கு இதாண்ணே சரி."

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "நீங்க வண்டிய ஓட்டுங்க, கேமை நாங்க பாத்துக்குறோம்" என்றேன். அவர் போனதும் பெரியதை மாட்டினேன். நேரத்துக்குப் போக வேகம்தானே வேண்டும் என்பது என் மேதாவித்தனம். மறுநாள் காலி வண்டியை பைபாஸில் விரட்டிப் பார்த்தேன், சீறிக்கொண்டு போனது. சாவி வாங்க வந்தவரிடம் பெருமை தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. திரும்பக் கழற்ற ஒரு நாளாகும், காலையில் மீன் ஏற்ற வேண்டும். "நாளைக்கு நீங்களும் வாங்க. நீங்களே ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினேன். பின்னால் பெட்டி பெட்டியாக மீனும் ஐஸும். முன்னால் ரோட்டின் பாதியில் நெல், பெண்கள் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நெல்லின் மேல் ஏற்ற முடியாது, வேகமும் எடுக்க முடியாது. அப்படியே பாலத்து ஏற்றத்தில் கால் பலம் எல்லாம் கொடுத்து மிதித்தேன். எஞ்சின் இருமியது, டர்போ தூங்கியது, பாதி ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. நெல் கிளறியவர்கள் வந்துதான் தள்ளிவிட்டார்கள். மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவர் இடத்தில் வேறொருவர் மீனைக் குவித்திருந்தார்.

அம்மா என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியை மார்க்கெட் வாசலுக்கு எதிரே நிறுத்தி, பின்கதவை இறக்கி, அதன் மேலேயே தராசை வைத்தார். நகர்த்தச் சொல்லி மார்க்கெட் ஆட்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். "உள்ள இடம் உங்களுது, எடுத்துக்கிட்டீங்க. வண்டி என்னுது. இதையும் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு எடை போட்டார். நான் தலைகுனிந்தபடி பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மீன் முழுக்கத் தீர்ந்தது. அன்றே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சின்ன கேமைப் போட ஆரம்பித்தேன். இன்றைக்கும் அவர் அந்த வண்டியில்தான் வருகிறார், அதே வாசலில்தான் விற்கிறார்.

இப்போது பெரிய கேம் கேட்டு வருகிறவர்களிடம், என்ன லோடு, எந்த ரோடு என்று முதலில் கேட்கிறேன். பதில் சொல்லாதவர்களின் வண்டியைத் தொடுவதில்லை. பயந்தாங்கொள்ளி மெக்கானிக் என்று வெளியே பேசுகிறார்களாம். தாராளமாகப் பேசட்டும். காலி வண்டியில் வீரம் காட்டி ஓர் அம்மாவின் இடம் பறிபோகக் காரணமானவன் நான், இந்தப் பேச்செல்லாம் எனக்கு உறைக்காது.

அந்த வருஷ ஆயுதபூஜையில் ஏதோ நினைப்பில் ஆணியில் தொங்கிய கேமுக்கும் பொட்டு வைக்கப் போனேன். தன் வண்டிக்குப் பூஜை போட வந்திருந்த அம்மா என் கையைத் தடுத்தார். "அதுக்கு எதுக்குண்ணே பொட்டு? அது எனக்கு ஒரு நாளாச்சும் உழைச்சுதா?" நான் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் வருகிறார், இந்த வருஷமும் வந்தார். பிக்கப்பின் முகப்புக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழத்தை நசுக்கியானதும், வாசலில் நின்று ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அது வெறும் இரும்பாகவே தொங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் பொரிக்குக் கை நீட்டினார்.