கன்னத்து நிழல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காலையில் சிரித்துப் பேசிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர், மதியம் வகுப்பிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது, "வேற யாரையாவது சொல்றீங்களா?" என்றுதான் கேட்டேன். இன்றும் அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

அக்கா பிறந்தது திண்டிவனத்தில். நாடு விடுதலையடைந்த சில ஆண்டுகளில், பஸ் ஓட்டுநராயிருந்த அப்பா காலமானார். அப்போது அக்கா பள்ளி மாணவி. அப்பாவுக்கு ஒரு போட்டோகூட இல்லாததால், கலர் பென்சிலால் நினைவிலிருந்து வரைந்தார். பிறகு விழுப்புரத்தில் ஓவிய ஆசிரியையாகி, தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்காமல் எங்களைப் படிக்க வைத்தார். போட்டோ இல்லாமல் இறந்தவர்களின் வீட்டார் அக்காவைத்தான் தேடி வருவார்கள்; அவர்கள் சொல்லும் முகச்சாடையைக் கேட்டே வரைந்து கொடுப்பார்.

படத்தை எந்தச் சுவரில் மாட்டப்போகிறார்கள், அங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று போய்ப் பார்க்காமல் வரைய மாட்டார். வெளிச்சம் வரும் பக்கத்துக் கன்னத்தில் காகிதத்தை வெள்ளையாகவே விடுவார். மறுபக்கத்து நிழலுக்கு முதலில் நீலம், அதன்மேல் காவி. "கறுப்பு அடிச்சா செத்தவங்க மாதிரி ஆயிடும்டா" என்பார். செத்தவர்களைத்தானே வரைகிறாய் என்று நான் கேலி செய்வேன்.

சென்ற ஆண்டு மயிலம் பக்கத்துக் கிராமத்தில், அக்காவிடம் படித்த பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோனாள். புருஷன் வீட்டார் கேட்டு அக்கா படம் வரைந்தார். கருமாதிக்கு நானும் உடன் போயிருந்தேன். படத்தைப் பார்த்ததும் பெண்ணின் தாயார் அலறினார்.

"கன்னம் ஒட்டிப்போயிருக்குதே! எம் பொண்ண பட்டினி போட்டே கொன்னுட்டீங்களே!"

தாய்மாமன்கள் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்கள். மாமியார் கதவோரம் ஒதுங்கினார். அக்கா மட்டும் எழுந்துபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றார்.

"எம் மூஞ்சிய பாருங்கம்மா. எனக்கும் கன்னம் ஒட்டியா கெடக்குது?"

வாசல் வெளிச்சத்தில் அதே நிழல் அக்காவின் முகத்திலும் விழுந்திருந்தது.

"படத்துல இருக்குறது பசி இல்லம்மா, இந்த வூட்டு நெழலு. இவ்ளோ அழுத்தமா போட்டது என் தப்பு."

அந்த அம்மாள் கிட்டே வந்து அக்காவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஓங்கிய கைகள் இறங்கின.

அடுத்த வாரமே அக்கா போய்விட்டார். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அக்காவை வீடு கொண்டுவந்து சேர்த்த ஆசிரியைகளுக்கும், சொல்லாமலே பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. செய்தி கேட்ட அந்தத் தாயார், மயிலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"நீங்க யாரும்மா, சொந்தமா?" என்று எங்கள் சித்தி கேட்டார்.

"இது என் பெரிய பொண்ணுங்க" என்றார் அவர்.