அக்காள் வயிற்றுக்கு அத்தான் கையெழுத்து

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் போதும், உப்பளத்தில் கணக்கெழுதுகிறவர் முதல் தோணிக்குச் சரக்கேற்றுகிறவர் வரை எல்லாரும் வைத்தியராகிவிடுவார்கள். எழுபதுகளின் நடுவில் என் அக்காளுக்குக் கண் மஞ்சளானபோது, உறவுக்காரர்களில் வைத்தியம் தெரியாதவன் நான் ஒருவன்தான். துறைமுக அலுவலகத்தில் விதிகளைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை.

அக்காள் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. அத்தானுக்கு மளிகைக் கடை. ஒரு வருஷமாகவே, எண்ணெய்ப் பலகாரமோ கறியோ சாப்பிட்டால் அவளுக்கு வலது விலாவின் கீழே வலி பிடித்துத் தோள்பட்டை வரை ஏறும். வாய்வு என்று சொல்லி அத்தான் கடையிலிருந்து ஓமமும் பெருங்காயமும் கொண்டுவருவார். பிறகு மஞ்சள் வந்தது, உடம்பெல்லாம் அரிப்பும் வந்தது. அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் குடும்பத்தில் எவரும் கேட்கக் கூசிய கேள்வியை அவர் கேட்டார்: மலம் என்ன நிறம்? சுண்ணாம்பு மாதிரி என்றாள். சிறுநீர் கடுங்காப்பி மாதிரி.

"இது தண்ணியால வர்ற காமாலை இல்ல. பித்தப்பையில உள்ள கல்லு இறங்கிப் பித்தக்குழாயை அடைச்சிருக்கு. சர்ஜன்கிட்டப் போங்க."

அத்தான் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏலே மாப்ள, காமாலைக்கு எவனாவது வயித்தக் கிழிப்பானா? குலசேகரன்பட்டினத்துல ஒரு வைத்தியரு இருக்காரு. கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும்தான். மஞ்சள் எங்கன போச்சுன்னு தேடணும்."

அவர் சொன்னபடியே பத்தியம் நடந்தது; மஞ்சள் குறைந்துதான் போயிற்று. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. குழாய்க்குள் கல் கொஞ்சம் நகர்ந்து பித்தத்துக்கு வழிவிட்டிருக்கிறது. பெயர் கீழாநெல்லிக்குப் போயிற்று. பத்தியம் முறிக்க அத்தான் ஆட்டுக்கறி எடுத்து, சொந்தக்காரர்களையும் அழைத்தார். கொழுப்பைக் கண்டால் சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்துவிடுவதுதான் பித்தப்பையின் தொழில். சாயங்காலமே வலி வந்தது. அதன் பின்னால் கட்டில் ஆடும்படியான குளிரும் காய்ச்சலும். மறுநாள் கண் முன்னைவிட மஞ்சள்.

வைத்தியருக்கு ஆள் போயிற்று. தீர்ப்பும் வந்தது: பத்தியத்தின்போது அந்த அம்மாள் ஒளித்து உப்புத் தின்றிருக்கிறாள்.

வீடே நம்பியது. அத்தானின் தங்கை ஊறுகாய்ச் சாடியைத் தூக்கிக் கொண்டுவந்து காட்டினாள். "இது எப்பிடிக் குறைஞ்சுது மதினி?" பல்லோடு பல் மோத நடுங்கிக்கொண்டு கிடந்த ஒருத்தியிடம் கேட்ட கேள்வி இது.

"நான் தொடலலே தம்பி," என்றாள் அக்காள் என்னைப் பார்த்து.

வாடகைக் கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனேன். அத்தானும் முறைத்துக்கொண்டே ஏறிக்கொண்டார். அங்கே சர்ஜன் எங்களைத் தனியாக அழைத்துப் பேசினார். அடைப்புக்கு மேலே சீழ் பிடித்திருக்கிறது. காய்ச்சலுக்கும், அறுக்கும்போது ரத்தம் நிற்காமல் போகாதிருக்கவும் ஊசி போட்டுவிட்டு உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். தாமதித்தால் பிழைக்க மாட்டாள். சம்மதத் தாளை நீட்டியதும் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வைத்தியர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து போடுதேன்." போயே விட்டார், பஸ் ஏறி.

வார்டு குமாஸ்தா தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டப்போனார். "புருஷன் கையெழுத்து இல்லாம நடக்காது சார்."

"எந்த விதியில இருக்கு?"

"விதியா? வழக்கம் சார்."

"மேஜரானவ, நல்ல நினைவோட இருக்கா. அவ வயித்துக்கு அவ சம்மதந்தான் வேணும். வேற மாதிரி எழுதியிருந்தா எடுங்க, நானும் படிக்கேன்."

அவர் ஒரு கோப்பைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். அதற்குள் சர்ஜனே வந்து, "அந்தம்மாகிட்டயே வாங்குங்கய்யா," என்று அதட்டினார். எத்தனையோ பெண்பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கு அவள் கையெழுத்துச் செல்லும். அவளுடைய சொந்த வயிற்றுக்கு, கடையில் பருப்பு நிறுக்கிறவரின் கையெழுத்து வேண்டுமாம்!

அக்காள் தன் பெயரை எழுதி, கீழே தலைமையாசிரியை என்றும் எழுதினாள்.

"பதவியெல்லாம் வேண்டாம்மா," என்றார் குமாஸ்தா.

"இருக்கட்டும்," என்றாள்.

கற்களை எடுத்துவிட்டார்கள். பித்தக்குழாயில் செருகிய ரப்பர்க் குழாய் வழியே, கட்டிலோரம் தொங்கிய பாட்டிலில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் சொட்டியது. காய்ச்சல் விட்டது. மறுநாள் அத்தான் புது மருந்துப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். குப்பியில் போட்டு வைத்திருந்த கற்களைக் குலுக்கிப் பார்த்தார்.

"பாத்தியா மாப்ள, நம்ம வைத்தியரு மொதல்ல இளக்கிவிட்டதாலதான் டாக்டரால எடுக்க முடிஞ்சிருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஏலே, அவியளக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ. சிரிச்சா தையல் இழுக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தானைத் தோளைப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அடுத்த வார்டில் கண் மஞ்சளாகப் படுத்திருந்த ஒருத்தியின் புருஷனுக்கு, குலசேகரன்பட்டினம் பஸ் எங்கே நிற்கும் என்று அவர் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.